லைசென்ஸ் கேட்ட பொம்மைப் படகு

அலெக்சாண்டர் மெக்கன்சி என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1890 முதல் 1895 வரை பர்மாவின் தலைமை ஆணையராக ரங்கூனில் இருந்தார். அங்கிருந்து பதவி உயர்ந்து வங்காளத்தின் லெப்டினண்ட் கவர்னராகக் கல்கத்தா போனார். அவர் எழுதிய கோப்புகளை இன்று யாரும் தேடிப் படிப்பதில்லை. அவருடைய உடம்புக்கு மட்டும் விஞ்ஞான வரலாற்றில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. 1895 வாக்கில் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தா டவுன் ஹாலில் ஒரு சோதனை நடத்திக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலை ஒன்று மெக்கன்சியின் உடலை ஊடுருவியது; சுவர்களையும் கடந்தது; சுமார் 75 அடிக்கு அப்பால் இருந்த அறையில் மணியை அடித்து, கொஞ்சம் வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. போஸின் வாழ்க்கை வரலாறுகள் இப்படித்தான் சொல்கின்றன.

வயர்லெஸ் என்றதும் மார்க்கோனியும் 'கட்டு கடகட' தந்தியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் போஸ் அன்று யாருக்கும் செய்தி எதுவும் சொல்லவில்லை. தொலைவில் ஒரு காரியத்தைச் செய்து காட்டினார், அவ்வளவே. கம்பியில்லா அலை பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே வேலை வாங்கக் கற்றுக்கொண்டது. இன்று கடையில் வாங்கும் ரிமோட் பொம்மைக்கும் அந்த மணிக்கும் நேர்வழி உறவு உண்டு.

அந்த உறவின் அடுத்த படி ஒரு படகு. விமானமோ காரோ அல்ல.

1898 மே மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மின்சாரக் கண்காட்சி நடந்தது. ஸ்பெயினுடன் அமெரிக்கா போரில் இறங்கியிருந்த நேரம். ஒரு தண்ணீர்த் தொட்டியில் ஏறக்குறைய நாலடி நீளமுள்ள இரும்புப் படகை மிதக்கவிட்டு, நிக்கோலா டெஸ்லா தள்ளி நின்றுகொண்டு அதைத் திருப்பினார், நிறுத்தினார், அதன் விளக்குகளை எரித்து அணைத்தார். பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை. உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது என்றார்கள் சிலர். மனவசியம் என்றார்கள் வேறு சிலர். டெஸ்லாவும் சும்மா இருப்பவரல்ல. 64-இன் கனமூலம் என்ன என்று படகையே கேட்கச் சொன்னார். விளக்கு நாலு முறை மின்னியது. அந்த ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி அவருக்கு 6,13,809 என்ற எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. அமெரிக்கக் கடற்படைதான் அதைச் சீந்தவில்லை.

படகின் வயிற்றில் இருந்த கருவி எளிமையானது. உலோகத் தூள் நிரப்பிய ஒரு சிறு குழாய். அலை வந்து தாக்கினால் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். சிக்கல் என்னவென்றால், அலை நின்ற பிறகும் அவை ஒட்டியபடியே இருக்கும். யாராவது தட்டிவிட வேண்டும். டெஸ்லா குழாயையே ஒவ்வொரு முறையும் புரண்டு விழும்படி அமைத்தார். ஆக, ஒரு அலை வந்தால் ஒரு தட்டு. ஒரு தட்டு விழுந்தால் ஒரு படி. சுக்கான் இந்தப் பக்கம், பிறகு நேர், பிறகு அந்தப் பக்கம். 'இருபது டிகிரி வலதுக்குத் திருப்பு' என்று சொல்ல வழியே இல்லை. 'அடுத்தது' என்று மட்டும் சொல்லலாம். பொழுதுபோக்குக் கருவிகள் இந்த 'அடுத்தது' முறையிலிருந்து விடுபட ஏறக்குறைய 60 ஆண்டுகள் ஆயின.

எதற்காகப் படகைத் தேர்ந்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அன்றைய பேட்டரியும் கருவியும் கல்போல் கனத்தன. அந்தச் சுமையைத் தண்ணீர் தாங்கும், காற்று தாங்காது. இன்னொன்று, சிக்னல் அறுந்துபோனால் விமானம் விழுந்து நொறுங்கும், வண்டி சுவரில் மோதும். படகோ பேசாமல் மிதந்துகொண்டிருக்கும். ஆள் போய் எடுத்து வரலாம். பிழை பொறுக்கும் வாகனம் அது ஒன்றுதான். ஸ்பானியப் பொறியாளர் லியனார்தோ தோரெஸ் கெவேதோவும் தன் 'டெலிகினோ' கருவியைப் படகில்தான் அரங்கேற்றினார். 1906 செப்டம்பரில் பில்பாவோ கழிமுகத்தில், மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ பார்த்துக்கொண்டிருக்க, கரையில் இருந்தபடியே படகைச் செலுத்தினார். இத்தனை துடிப்பு வந்தால் இன்ன வேலை என்று எண்ணிக்கையால் கட்டளை பிரித்தது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

பிறகு கடற்படைகள் விழித்துக்கொண்டன. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் 'அகமெம்னான்' என்ற பழைய போர்க்கப்பலிலிருந்து ஆட்களை இறக்கிவிட்டு, வயர்லெஸ்ஸில் ஓட்டி, பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வைத்தது. அதற்குப் பின் வந்த 'செஞ்சூரியன்' சுமார் 25,000 டன் எடையுள்ள கப்பல். உலகத்தின் மிகப் பெரிய ரிமோட் படகு என்று தாராளமாகச் சொல்லலாம். அதைப் பக்கத்திலிருந்து இயக்கிய நாசகாரிக் கப்பலின் பெயர் 'ஷிகாரி'. இரண்டாம் உலகப் போரில் செஞ்சூரியனுக்கு மரப்பலகையில் பொய்ப் பீரங்கி வைத்து, புதிய போர்க்கப்பல்போல வேஷம் கட்டி பம்பாய்க்கும் அனுப்பினார்கள்.

மெக்கன்சி இருந்த ரங்கூனின் பசுந்தாங் ஓடைக்கு இந்தக் கலை வந்து சேரவில்லை. அங்கே படகை ஓட்டியது குரல்தான்.

ரங்கூனின் கிழக்கு விளிம்பில் ஓடி, மங்கி பாயிண்ட் அருகே ஆற்றில் கலக்கிறது பசுந்தாங் ஓடை. ஓடை என்று பெயரே தவிர, கடல் ஓதம் ஏறி இறங்கும் நீர் அது. ரங்கூன் துறைமுகத்தில் பௌர்ணமி, அமாவாசை ஓதத்தில் நீர்மட்டம் 5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அதன் கரை நெடுக அரிசி ஆலைகள் எழுந்தன. ஐராவதி டெல்டாவிலிருந்து நெல் படகுகள் ஓதத்தோடு ஏறி வந்து ஆலை வாசலிலேயே சரக்கை இறக்கின. நெல்லைக் குத்திய உமியைக் கொண்டே கொதிகலனுக்கு நெருப்பு மூட்டினார்கள். ஆளேற்றும் சம்பான்களைப் பெரும்பாலும் சிட்டகாங் ஆட்கள் நின்றபடி தள்ளினார்கள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் மூட்டை சுமந்தவர்களில் தெலுங்கர்களும் தமிழர்களும் மிகுதி. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகை சுமார் 4 லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள்.

ஆற்றுக்கு அக்கரையில், டல்லாவில், ஐராவதி ஃப்ளோட்டிலா கம்பெனியின் கப்பல் பட்டறை இருந்தது. 1865-இல் தொடங்கிய அந்தக் கம்பெனியிடம் அதன் உச்ச காலத்தில் 600-க்கு மேற்பட்ட கலங்கள் இருந்தன. அந்த ஸ்டீமர்களை ஓட்டிய விதமும் ஒருவகைத் தூர இயக்கம்தான். முன்னணியத்தில் ஒருவர் மூங்கில் கழியை நீரில் குத்தி ஆழம் பார்த்து ராகம் போட்டுக் கூவுவார். மேல்தளத்தில் நிற்கும் சாரங்கு அதைக் கேட்டு, மணியடித்துக் கீழே எஞ்சின் அறைக்கு உத்தரவு அனுப்புவார். எஞ்சின்காரருக்கு ஆறு தெரியாது, மணல்திட்டு தெரியாது. மணி சொன்னதைச் செய்வார். போஸ் அடித்த மணிக்கும் இதற்கும் நடுவில் ஒரு கம்பிதான் வித்தியாசம்.

வயர்லெஸ் பர்மாவுக்குப் புதியதல்ல என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பசேன் ஆற்று முகத்தில் உள்ள டைமண்ட் தீவுக்கும் அந்தமானின் போர்ட் பிளேருக்கும் இடையே 1900-களின் முதல் பத்தாண்டிலேயே கம்பியில்லாத் தந்தி ஓடியது. அது அரசாங்கத்தின் வயர்லெஸ். தனி ஆள் தன் கைக்காசைப் போட்டு வயர்லெஸ்ஸோடு விளையாடிய கதைக்கு நாம் சென்னைக்கு வர வேண்டும். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924 மே 16-ஆம் தேதி மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31-ஆம் தேதி 40 வாட் ஒலிபரப்பியோடு அது பேசத் தொடங்கியது. பணமில்லாமல் 1927-இல் வாயை மூடிக்கொண்டது. அதன் வேலையை 1930-இல் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. அரசுக்கு முன்னால் ஆர்வலர்கள் வந்தார்கள், அரசு பின்னால் வந்தது. ரேடியோ வரலாற்றில் எங்கு தொட்டாலும் இதே வரிசைதான்.

பின்னால் வந்த அரசு சட்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

1933-ஆம் ஆண்டு இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டத்துக்குக் காரணம் ராணுவமோ ஒற்றர்களோ அல்ல, வசூல். ரேடியோ கேட்பதற்கு ஆண்டுக்குப் பத்து ரூபாய் லைசென்ஸ் என்று வைத்திருந்தார்கள். பலர் அதைக் கட்டாமலே ஹாயாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைக் கொண்டு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. வெறுமனே கருவியை வைத்திருப்பது அதன்படி குற்றமில்லை. புதிய சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். முதல் தடவை 100 ரூபாய் வரை அபராதம். மறுபடி பிடிபட்டால் 250 ரூபாய் வரை. 1934 ஜனவரி 1-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அன்று பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். ஆகவே பெஷாவருக்கு எது சட்டமோ அது பசுந்தாங்குக்கும் சட்டம். 1937 ஏப்ரல் 1-இல் பர்மா பிரிந்தபோது இந்தச் சட்டத்தையும் சீதனமாக எடுத்துக்கொண்டு போயிற்று.

சட்டம் எழுதியவர்கள் வலையை அகலமாகவே வீசியிருந்தார்கள். பேச்சு, பாட்டு, தந்தி மட்டுமல்ல. கம்பியில்லாமல் மின்சாரத்தாலோ அலையாலோ அனுப்பும் எந்தச் சைகையும் வயர்லெஸ் தொடர்புதான். அதற்குப் பயன்படக்கூடிய எந்தப் பொருளும் வயர்லெஸ் கருவிதான். ஒரு பொம்மைப் படகைத் திருப்ப வைக்கும் பெட்டி இந்த வரையறைக்குள் அட்சரம் பிசகாமல் உட்காரும். அப்படி ஒரு பெட்டி அன்று கடையில் கிடைத்ததா என்றால், இல்லை. ஆனால் வந்துகொண்டிருந்தது.

1938-இல் அமெரிக்காவின் ரேதியான் கம்பெனி ஆர்.கே.61 என்ற சிறு வால்வை வெளியிட்டது. உள்ளே லேசாக வாயு அடைத்த வால்வு. அதுவரை பல வால்வுகள் சேர்ந்து செய்த வேலையை இது ஒற்றை ஆளாகச் செய்தது. சிக்னல் இல்லாதபோது அதன் வழியே ஒரு மில்லி ஆம்பியருக்குச் சற்று மேலான மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். சிக்னல் வந்தால் அது சட்டென்று சரியும். அந்தச் சரிவை உணரக்கூடிய நுட்பமான ரிலே சுவிட்ச் ஒன்று இருந்தால் போதும். இந்த வால்வுக்கு ஆயுசு குறைவு. சில பத்து மணி நேரத்தில் களைத்துப்போகும். ஆனாலும் பொம்மைக்குள் வைக்கக்கூடிய ரேடியோ என்ற ஒன்றை அது சாத்தியமாக்கியது. போர் முடிந்த பின் பிரிட்டனில் ஹைவாக் கம்பெனி இதே பாணியில் எக்ஸ்.எஃப்.ஜி.1 என்ற வால்வைச் செய்தது. அதைச் சுற்றித்தான் ஆங்கிலேயரின் ரேடியோ கண்ட்ரோல் மோகம் வளர்ந்தது.

கிங்ஸ்டனில் இருந்த எலெக்ட்ரானிக் டெவலப்மெண்ட்ஸ் என்ற கம்பெனி, சுருக்கமாக இ.டி., அந்த நாளில் பெரிய பெயர். மாடல் விமானங்களுக்கான சின்ன டீசல் எஞ்சின்களும் செய்தார்கள், ரேடியோ பெட்டிகளும் செய்தார்கள். அவர்களுடைய ரேடியோ நிபுணர் ஜார்ஜ் ஹானஸ்ட்-ரெட்லிக் 1951-இல் 'மிஸ் இ.டி.' என்ற மாடல் படகை, பின்னால் இன்னொரு படகில் வந்தபடியே ரேடியோவால் செலுத்தி, ஆங்கிலக் கால்வாயைக் கடக்க வைத்தார். விளம்பரத்துக்காகச் செய்ததுதான். ஆனால் அந்தப் படகின் வயிற்றில் இருந்ததையும் ஓட்டியவர் கையில் இருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளம்பரமும் நியாயமே என்று தோன்றும்.

ஓட்டுகிறவரிடம் இருப்பது ஒரு தகரப் பெட்டி. தூக்கிப் பிடிக்க முடியாத கனம். தரையில் வைத்து, மேலே ஆள் உயரத்துக்கு மேலான ஏரியல் கம்பியை நட வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு வயர் நீளும். அதன் நுனியில் ஒரே ஒரு பட்டன். படகில் 67.5 வோல்ட் பேட்டரி ஒன்று, வால்வின் இழையைச் சூடாக்க 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, எஞ்சின் அதிர்வு தாக்காதபடி ரப்பர் வளையங்களில் தொங்கவிட்ட ரிசீவர், அதன் பக்கத்தில் ரிலே. சுக்கானைத் திருப்புவது மோட்டார் அல்ல. படகின் நீளத்துக்கு இழுத்து முறுக்கிய ஒரு ரப்பர் பட்டை. அதன் முனையில் நட்சத்திர வடிவச் சிறு சக்கரம். காந்தம் ஒன்று அந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும். பட்டனை அழுத்தினால் காந்தம் இழுத்துக்கொள்ளும், சக்கரம் கால் சுற்றுச் சுற்றி நிற்கும், சுக்கான் வலது. விட்டால் இன்னொரு கால் சுற்று, சுக்கான் நேர். மறுபடி அழுத்தினால் இடது. விட்டால் நேர். ரப்பரின் முறுக்கு தீர்ந்தால் சுக்கான் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும்.

இதில் உள்ள வில்லங்கம் என்னவென்றால், கடைசியாக எந்தப் பக்கம் திரும்பியது என்பதை ஓட்டுகிறவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். முன்பு வலது போயிருந்தால் இப்போது அழுத்தினால் இடதுதான் வரும். மறுபடி வலதுதான் வேண்டுமென்றால் 'டக்' என்று ஒரு தட்டு தட்டி இடதைக் கடந்துவிட்டு, உடனே அழுத்திப் பிடிக்க வேண்டும். படகு படித்துறையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, பக்கத்தில் ஒருவர் பேச்சுக் கொடுக்கிறார், கணக்குத் தப்பிவிடுகிறது. அந்தக் காலத்து மாடல் படகுகளின் முன்மூக்கு ஏன் அவ்வளவு தடித்த மரத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

தண்ணீரில் இறக்குவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. ஒருவர் படகின் ரிசீவரில் மில்லி ஆம்பியர் மீட்டரைச் செருகிக்கொண்டு குளத்தின் அந்தக் கோடிக்குப் போவார். மற்றவர் இங்கிருந்து பட்டனை அழுத்துவார். முள் சரிந்தால் கையைத் தூக்க வேண்டும். சரியாவிட்டால் ரிசீவரின் சுருதித் திருகாணியை ஒரு மயிரிழை திருப்பிப் பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் இந்தச் சுருதி விலகும், பேட்டரி இறங்கினாலும் விலகும். இந்த வகை ரிசீவர்கள் அகலமாகக் காது கொடுப்பவை. தாமே கொஞ்சம் இரைச்சலையும் வெளிவிடுபவை. அதனால் ஒரு குளத்தில் ஒரு நேரத்தில் ஒரு படகுதான். மற்றவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும்.

அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசையும் ஒன்றும் ராஜவீதி அல்ல. 27 மெகாஹெர்ட்ஸ் வட்டாரம் தொழிற்சாலைச் சூடேற்றிகளுக்கும் ஆஸ்பத்திரியில் மூட்டுவலிக்கு வெப்பம் கொடுக்கும் கருவிகளுக்கும் விடப்பட்ட புறம்போக்கு. அதில் ஓர் ஓரத்தை மாடல் ஆர்வலர்களுக்கும் கொடுத்தார்கள். 1950-களில் பிரிட்டிஷ் தபால் துறை இதற்கென்றே தனி லைசென்ஸ் ஏற்படுத்தியது. பரீட்சை கிடையாது, ஒரு பவுண்டு கட்டினால் ஐந்தாண்டுக்குச் செல்லும். பள்ளிக்கூடப் பையனும் வாங்கலாம். ஒரு பொழுதுபோக்கு ஒரு நாட்டில் வேர்விட என்ன தேவை என்று கேட்டால் வால்வு, வசதி, வாய்ப்பு என்றெல்லாம் அடுக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் மற்ற எதையும்விட அந்த ஒரு பவுண்டு ரசீதுதான் பெரிய வேலை செய்தது.

தொழில்நுட்பம் பிறகு வேகமாக நகர்ந்தது. ஒரே பட்டன் போதாது என்றானபோது நாக்குகள் வந்தன. ஆர்மோனியப் பெட்டிக்குள் இருப்பதுபோல நீளத்தில் வேறுபட்ட மெல்லிய உலோக நாக்குகள் வரிசையாக. கரையிலிருந்து ஒரு குறிப்பிட்ட சுருதியை அனுப்பினால் அதற்குரிய நாக்கு மட்டும் அதிரும், தொடுமுனையைத் தொடும், வேலை நடக்கும். வலதுக்கு ஒரு நாக்கு, இடதுக்கு ஒன்று, வேகத்தைக் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று. பத்து நாக்குப் பெட்டி வைத்திருப்பவர் குளக்கரையில் பிரபு. 1960-களில் குச்சியை எவ்வளவு சாய்க்கிறோமோ சுக்கானும் அவ்வளவே சாயும் முறை நிலைபெற்றது. ஒரு மில்லி செகண்ட் துடிப்பு என்றால் ஒரு கோடி, இரண்டு என்றால் மறு கோடி, ஒன்றரை என்றால் நடு. 'அடுத்தது' முறைக்கு அப்போதுதான் விடுதலை. இன்று மாடல் படகுகளையும் விமானங்களையும் திருப்பும் சர்வோ மோட்டாரும் அந்த ஒன்றரை மில்லி செகண்டைத்தான் நடுவாக வைத்திருக்கிறது. கிரிஸ்டல் போட்ட ரிசீவர்கள் வந்ததும் 27 மெகாஹெர்ட்ஸை ஆறு தெருவாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்தார்கள்: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். ஏரியலில் அந்த நிறத்தில் ஒரு கொடி கட்டியிருக்கும். உங்கள் கொடியும் பக்கத்தில் நிற்பவர் கொடியும் ஒரே நிறமென்றால் இருவரில் ஒருவர் சுவிட்சைப் போடக் கூடாது.

ரங்கூனில் இதற்கு ஏற்ற நீர் இல்லாமலில்லை. பசுந்தாங் ஓடையில் பொம்மைப் படகை விட்டால் ஓதம் அதை ஆற்றுக்கு இழுத்துப் போய்விடும். ஆனால் கண்டவ்ஜி ஏரியும் இன்யா ஏரியும் இதற்கென்றே அமைந்தவைபோல அசையாத நீர். இன்யா ஏரியில் 1924 முதல் பாய்மரப் படகுச் சங்கமே இருக்கிறது. போருக்கு முன் டல்லா பட்டறையில் கப்பல் கட்டிய கைகளுக்கு ஒரு மாடல் படகு எம்மாத்திரம்? இல்லாதது ஒரு பவுண்டு ரசீதுக்கு ஈடான ஒன்று. 1962-இல் நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு, சொந்தமாக ஒலிபரப்பும் கருவி வைத்திருப்பவர் எவரும் அரசின் கண்ணில் சந்தேகத்துக்குரியவர். உலக ஹாம் ரேடியோக்காரர்கள் தொடர்பு கிடைக்காதா என்று பல்லாண்டுகள் ஏங்கிய நாடுகளில் பர்மாவும் ஒன்று.

வசூலுக்காக எழுதிய அந்த 1933-ஆம் ஆண்டுச் சட்டம் ராணுவத்தின் கையில் வேறு முகம் எடுத்தது. ரங்கூனில் நார்வே, டென்மார்க் உள்ளிட்ட நாடுகளுக்குக் கௌரவத் தூதராக இருந்த லியோ நிக்கல்ஸ் 1996 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். அவர் ஆங் சான் சூச்சியின் நெருங்கிய குடும்ப நண்பர். வீட்டில் அனுமதியில்லாமல் ஃபேக்ஸ் கருவிகளும் தொலைபேசி இணைப்புப் பலகையும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. மூன்றாண்டுச் சிறை. ஜூன் மாதம் இன்செயின் சிறைக் காவலிலேயே இறந்துபோனார். அறுபதைத் தாண்டிய, நோயாளி மனிதர். பத்து ரூபாய் லைசென்ஸ் கட்டாதவர்களைப் பிடிக்கப் பிறந்த சட்டம் அது. 2013-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து அதை விலக்கியது. ஆனால் 2022 ஜனவரியில் சூச்சிக்கு விதித்த தண்டனைகளில் ஒன்று வாக்கி-டாக்கி வைத்திருந்ததற்கானது.

பசுந்தாங் தமிழர்களில் பலர் அதற்குள் அங்கே இல்லை. 1964-இல் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையான பிறகு இந்தியர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். சென்னையில் இறங்கியவர்களின் பிழைப்புக்காக 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரில் வரிசையாகக் கடை போட அரசு இடம் கொடுத்தது. அதுதான் பர்மா பஜார். பெயரில் பர்மா இருந்தாலும் விற்றது சிங்கப்பூர், ஜப்பான், ஹாங்காங் சரக்கு. டேப் ரெக்கார்டர், வாட்ச், கால்குலேட்டர், சென்ட், பேட்டரி பொம்மை. கப்பல் சிப்பந்திகள் பையிலும் விமானப் பயணிகள் பெட்டியிலும் வந்தவை. அவ்வப்போது சுங்க அதிகாரிகள் சோதனைக்கு வருவார்கள், ஷட்டர்கள் இறங்கும், போன பிறகு ஏறும்.

அங்கே வாங்கியவர்களுக்கு 'ரிமோட் கார்' நினைவிருக்கும். ஒரே பட்டன். அழுத்தினால் நேராக ஓடும். விட்டால் பின்பக்கமாக வளைந்து திரும்பும். அதை நினைத்த திசையில் கொண்டுபோகப் பிள்ளைகள் படும் பாடு, இ.டி. பெட்டியோடு குளக்கரையில் நின்றவர்கள் பட்ட பாடேதான். அலைவரிசையும் அதே 27 மெகாஹெர்ட்ஸ்தான். ரங்கூனில் எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தார்களோ அதே சட்டத்தின் இந்தியப் பதிப்பின் கீழ்தான் அந்த வியாபாரிகள் இங்கும் கடை வைத்திருந்தார்கள் என்பது அவர்களில் யாருக்கும் தோன்றியிருக்க நியாயமில்லை. அவர்கள் கவலையெல்லாம் சுங்கத் துறை. எழுத்துப்படி பார்த்தால் அன்று அந்தப் பொம்மைக்கும் லைசென்ஸ் தேவைப்பட்டது. நல்லவேளையாகச் சட்டத்தை எழுத்துப்படி பார்க்காத ஊர் இது.

இந்திய அரசு 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையைக் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டது 2005-இல். அதே ஆண்டில் 2.4 கிகாஹெர்ட்ஸையும் திறந்தது. அதற்குள் உலகம் இரண்டாவதுக்கு மாறத் தொடங்கிவிட்டது. ஸ்பெக்ட்ரம் போன்ற கம்பெனிகள் கொண்டுவந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டிகளில் கொடி வேண்டாம், கிரிஸ்டல் வேண்டாம், நீள ஏரியல் வேண்டாம். பெட்டியும் ரிசீவரும் தாமே ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்ளும். ஒரே குளத்தில் இருபது படகுகள் ஓடலாம். எழுபது ஆண்டுகள் கதவைச் சாத்தி வைத்திருந்துவிட்டு, வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துத் திறந்த கதை.

இப்போது அந்தப் பழைய பெட்டிகளைத் தேடி எடுத்து ஓட வைப்பதே தனிப் பொழுதுபோக்காகியிருக்கிறது; பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அதிகம். முதல் வேலை மெழுகுக் காகிதக் கண்டென்சர்களைக் கழற்றி எறிவது. அவை எல்லாமே கசியும். அடுத்தது ரிலே முனைகளில் படிந்த கறுப்பைக் காகிதத் துண்டால் தேய்த்து எடுப்பது. உப்புத்தாள் போட்டால் முனை போய்விடும். நட்சத்திரச் சக்கரத்துக்குப் புது ரப்பர். 67.5 வோல்ட் பேட்டரி இன்று கடைகளில் கிடைப்பதில்லை. அதற்கு ஏழு 9 வோல்ட் பேட்டரிகளை வரிசையாகக் கோத்தால் 63 வோல்ட் வரும், வால்வு குறை சொல்வதில்லை. வால்வு கிடைப்பதுதான் பாடு. பிரிக்காத டப்பாவில் கிடைத்தாலும், எழுபது வருஷத்தில் உள்ளிருக்கும் வாயு என்ன ஆயிற்று என்பது செருகிப் பார்த்தால்தான் தெரியும்.

பொறுமையில்லாதவர்கள் இ.டி. பெட்டியை வெளியே துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டு, உள்ளே சத்தமில்லாமல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பலகையை வைத்துவிடுகிறார்கள். சுத்தவாதிகளுக்கு அது பிடிக்காது. அவர்கள் அசல் வால்வோடு, அசல் 27 மெகாஹெர்ட்ஸில், ஒற்றைப் பட்டனை வைத்துக்கொண்டு கரையில் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் அந்தப் பட்டனை அழுத்த மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தொந்தரவு இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் 2.4-க்குப் போய்விட்டார்கள்.